சிவப்பு நூல் கட்டு

பினாங்கில் டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பேப்பர் லோரி வரும். "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டே போகும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அத்தை கோலாலம்பூரில் இருந்த எனக்குப் போன் செய்தபோது அந்தக் குரல் போனிலேயே தெளிவாகக் கேட்டது. "உங்க மாமா கடுதாசி எல்லாம் மேல் மாடி அலமாரியில அப்படியே கெடக்குதும்மா. கரையான் வச்சிருச்சு. உனக்கு வேணும்னா வந்து பாரு, இல்லன்னா அடுத்த வாரம் லோரியில போட்டுடறேன்" என்றார். வீட்டை விற்கப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. அடுத்த சனிக்கிழமை காலை ரயிலில் பட்டர்வொர்த் போய் இறங்கி, பெர்ரி ஏறி, மத்தியானத்துக்குள் அந்த அலமாரி முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

மாமா இரண்டு தவணை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். 1969 தேர்தலில் முதல் முறை ஜெயித்தார். எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று இங்கே எழுதப் போவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். பெரிய பதவி எதுவும் வகித்தவர் இல்லை, பாடநூலில் அவர் பெயர் வராது. ஆனால் அவருக்கு வந்த ஒரு காகிதத்தைக்கூட அவர் கிழித்துப் போடவில்லை என்பது அந்த அலமாரியைத் திறந்ததும் தெரிந்தது. 23 கட்டுகள். சணல் கயிறு இல்லை, தையல் நூலைப் பல இழையாகச் சேர்த்துத் திரித்துக் கட்டியிருந்தார். அது போக கம்பெனிகள் வருஷா வருஷம் கொடுத்த டைரிகள், கூட்ட அழைப்பிதழ்கள், வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தாளில் எடுத்த கார்பன் நகல்கள், அமைச்சர்களோடு நிற்கிற படங்கள், ஒரு பிஸ்கட் டின் நிறையத் தந்திகள். கீழ்த் தட்டில் இருந்ததைக் கரையான் மண்ணாக்கியிருந்தது. அதை எடுத்தபோது கையில் பொடியாக உதிர்ந்தது. அது என்னவாக இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

கடிதங்கள்தான் என்னைக் கட்டிப்போட்டன. மாமா எழுதியவை அல்ல, அவருக்கு வந்தவை. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தின் நடுத்தாளைக் கிழித்து, அப்பாவோ அம்மாவோ சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை எழுதியது என்று பார்த்தவுடனே தெரிகிற எழுத்து. "மாண்புமிகு ஐயா அவர்களுக்கு, தாழ்மையுடன் எழுதிக்கொள்வது" என்று தொடங்கி, இரண்டாவது வரியிலேயே விஷயத்துக்கு வந்துவிடும். பிறப்புப் பத்திரத்தில் பெயர் தப்பாக விழுந்துவிட்டது, பள்ளியில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐ.சி. (அடையாள அட்டை) வைத்துக்கொண்டு எத்தனை வருஷம்தான் அலைவது. தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய். டாக்சி பெர்மிட். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972ல் வந்த பிறகு, "என் மகளுக்கு அங்கே ஒரு வேலை" என்று வரிசையாக அம்மாக்கள் எழுதியிருக்கிறார்கள். பினாங்குத் துறைமுகத்தின் வரியில்லாச் சலுகை 1969ல் போனதையும் அதன் பிறகு வேலை இல்லாமல் ஆண்கள் வீட்டில் உட்கார்ந்ததையும் பொருளாதாரப் பாடமாகப் படித்திருக்கிறேன். "புருஷன் நாலு மாசமாக வீட்டில் இருக்கிறார்" என்ற ஒரு வரியைப் பென்சில் எழுத்தில் படித்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

நூலை அவிழ்த்தது

இப்போது நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எனக்கு அந்தக் கட்டுகள் குப்பையாகத் தெரிந்தன. ஒரே கட்டில் 1970 கடிதமும் 1976 கடிதமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வீட்டு விண்ணப்பமும் கோயில் நில விவகாரமும் கலந்து கிடந்தன. மாமாவுக்கு நேரம் இல்லை, வந்ததை வந்தபடி சேர்த்துக் கட்டி வைத்துவிட்டார் என்று நினைத்தேன். ஆபீஸ் வேலையில் இருபது வருஷம் ஃபைல் பார்த்தவள் நான். நீல ஃபைல்கள் இரண்டு டஜன் வாங்கினேன். மூன்று வாரக் கடைசியில் போய், ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து, வருஷ வாரியாகப் பிரித்து, அதற்குள் விஷய வாரியாகப் பிரித்து, பஞ்ச் மெஷினில் துளை போட்டு, ஃபைலில் கோத்து, முதுகில் லேபிள் ஒட்டினேன். துருப்பிடித்த கிளிப்புகளை எடுத்துத் தனியே ஒரு பையில் போட்டேன். நூல்களைச் சுருட்டி எறிந்தேன். வேலை முடிந்து அலமாரியில் அடுக்கி வைத்துப் பார்த்தபோது மனது நிறைந்தது. மாமாவுக்குச் செய்ய வேண்டிய கடமை ஒன்றைச் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பழைய ஆவணங்களைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்ற ஒரு அக்காவை எனக்குத் தெரியும். இதை எங்கே கொடுக்கலாம் என்று கேட்பதற்காக அவரை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு ஃபைலை எடுத்தார், நாலைந்து தாள் புரட்டினார். ஒரு கடிதத்தின் ஓரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "இது எந்தக் கட்டில் இருந்தது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "கட்டு எல்லாம் பிரிச்சிட்டேன் அக்கா, வருஷ வாரியா இருக்கு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஃபைலை மூடி மெதுவாக மேசையில் வைத்தார்.

தேநீர் கொண்டுவந்த அத்தைதான் அந்த அமைதியை உடைத்தார். "ஏம்மா, அந்தச் சிவப்பு நூலு எங்க?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். எந்தச் சிவப்பு நூல் என்று நான் கேட்க, அவர் சொல்லத் தொடங்கினார். காரியம் முடிந்த கடிதங்களை மாமா வெள்ளை நூலில் கட்டுவாராம். இழுத்துக்கொண்டிருப்பவை நீல நூல். தன்னால் முடியாமல் போனது, எங்கெங்கேயோ ஏறி இறங்கியும் கதவு திறக்காதது, அதெல்லாம் சிவப்பு நூல். அந்தச் சிவப்புக் கட்டுகளை மட்டும் அலமாரியில் வைக்காமல் பல வருஷம் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாராம். பதவி போன பிறகும், யாராவது ஒரு அதிகாரி தெரிந்தவர் என்று கேள்விப்பட்டால் குனிந்து அந்தக் கட்டை இழுத்து, "இது ஒண்ணு பாக்கி இருக்கு" என்று எடுத்துக்கொண்டு போவாராம். வீட்டுக்கு வெள்ளையடித்தபோதுதான் அவை மேலே போயின.

1970 கடிதமும் 1976 கடிதமும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன என்று அப்போது புரிந்தது. ஒரே ஆள் திரும்பத் திரும்ப எழுதியது, அல்லது ஒரே மேசையில் போய் முட்டி நின்றது. தான் தோற்ற இடங்களை மாமா ஒரு கணக்காக வைத்திருந்தார். அந்தக் கணக்கு எந்தக் கடிதத்திலும் எழுதப்படவில்லை, கட்டியிருந்த விதத்தில் மட்டுமே இருந்தது. நான் அதை அவிழ்த்து, நூலைக் குப்பையில் போட்டிருந்தேன்.

அன்று ராத்திரி அக்கா ரயிலுக்குக் கிளம்பும்போது சொன்னார். ஆவணக் காப்பாளர்கள் முதலில் படிக்கிற விதி இதுதானாம்: வந்த வரிசையைக் கலைக்காதே, ஒருவருடைய தாளை இன்னொருவருடையதோடு கலக்காதே. ஒரு மனிதர் தன் தாள்களை எப்படி வைத்திருந்தார் என்பதே ஒரு ஆவணம். குழப்பமாகத் தெரிந்தாலும், குழப்பம் என்று முடிவாகத் தெரிகிற வரை தொடக்கூடாது. கட்டைப் பிரிக்க வேண்டியிருந்தால் முதலில் படம் எடுத்து, எண் போட்டு, அப்புறம்தான் பிரிக்க வேண்டும். இதில் எதையுமே நான் செய்யவில்லை.

மன்றம் கூடாத மாதங்கள்

இதெல்லாம் ஒரு குடும்பத்தின் பழைய காகிதம், இதற்குப் போய் இவ்வளவு வருத்தமா என்று கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். "சட்டமன்றத்தில பேசினதெல்லாம் ஹன்சார்டுல இருக்குமே" என்பதுதான் வழக்கமாக வருகிற பதில். இருக்கும். மன்றத்தில் எழுந்து நின்று பேசியது அவை நடவடிக்கைக் குறிப்பான ஹன்சார்டில் இருக்கும். ஆனால் மாமா ஜெயித்தது 1969 மே 10ல். மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு என்ன ஆனது என்று மலேசியாவில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நாடாளுமன்றம் மறுபடி கூடியது 1971 பிப்ரவரி 20ல்தான். மாமாவும் ஜெயித்த கையோடு உட்கார இடமில்லாத உறுப்பினராக வீட்டில் இருந்தார். அந்த இருபத்தொரு மாதத்துக்கு ஹன்சார்டில் தேடினால் என்ன கிடைக்கும்? மாமா வீட்டு வாசலில் கூட்டம் நின்றது, கடிதம் வந்துகொண்டே இருந்தது. சொல்லப்போனால் மற்ற எந்த வருஷத்தையும் விட அப்போதுதான் அதிகம். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்று 1968ல் வந்த சட்டம் நடைமுறைக்கு வந்த நேரம் அது. இங்கேயே பிறந்து, எழுதப் படிக்கத் தெரியாததால் குடிமக்களுக்கான நீல ஐ.சி.க்கு மனுச் செய்யாமல் விட்டவர்கள் ஒரே நாளில் அந்நியர் ஆனார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறியவர்களைப் பற்றி நம் எல்லார் வீட்டிலும் ஒரு கதை உண்டு. கப்பல் ஏறுவதற்கு முன்னால் அவர்கள் கடைசியாகத் தட்டிப் பார்த்த கதவு எது? அது மாமா மாதிரி ஒரு உறுப்பினரின் வீட்டுக் கதவு. அந்தக் கடிதங்கள்தான் சிவப்பு நூலில் இருந்திருக்க வேண்டும்.

பெரிய தலைவர்களின் தாள்களுக்கு ஏதோ ஒரு வழி பிறந்துவிடுகிறது. மலாயா சீனர் சங்கத்தைத் தொடங்கிய துன் டான் செங் லோக், எச்.எஸ். லீ ஆகியோரின் கடிதங்கள் காப்பகங்களில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்து சிங்கப்பூரில் அமைச்சரான எஸ். இராஜரத்தினத்தின் தாள்கள் சிங்கப்பூரில் ஐசியாஸ் என்ற தென்கிழக்காசிய ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நம் தேசியக் காப்பகமான அர்கிப் நெகாராவிலும் தனியார் தாள்களுக்கு என்றே ஒரு தொகுதி உண்டு. ஆனால் குடும்பம் மனம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அங்கே போய்ச் சேரும். அமெரிக்காவிலும் இப்படித்தான் என்று அக்கா சொன்னார். அங்கே காங்கிரஸ் குழுக்களின் ஆவணம் அரசுக்குச் சொந்தம், ஆனால் உறுப்பினரின் சொந்த அலுவலகத் தாள்கள் அவருடைய தனிச்சொத்து. அவர் எரித்தாலும் கேட்க முடியாது. 2008ல் அவர்களுடைய இரு அவைகளும் சேர்ந்து, "தயவுசெய்து இதைப் பத்திரப்படுத்தி ஏதாவது ஒரு ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுங்கள்" என்கிற பொருளில் ஒரு தீர்மானம் போட வேண்டியிருந்திருக்கிறது. வெறும் வேண்டுகோள்தான். ஆனால் அங்கே அதற்கென்றே பல்கலைக்கழகங்கள் இடம் ஒதுக்கியிருக்கின்றன. ஜார்ஜியாவில் செனட்டர் ரிச்சர்ட் ரஸல் பெயரில், ஓக்லஹோமாவில் சபாநாயகர் கார்ல் ஆல்பர்ட் பெயரில் என்று 1970களிலேயே தொடங்கிவிட்டார்கள். மாநில அளவில் ஒரு சாதாரண உறுப்பினராக இருந்த தமிழரின் தாளை இங்கே எங்கே கொண்டுபோய் வைப்பது?

நான் விசாரித்த ஒரு இடத்தில் நல்லபடியாகத்தான் பேசினார்கள். படங்களைத் தாருங்கள், மந்திரிகளோடு நடந்த கடிதப் போக்குவரத்தைத் தாருங்கள், பேச்சுக் குறிப்பு இருந்தால் தாருங்கள் என்றார்கள். பொதுமக்கள் கடிதம் வேண்டாம், இடம் இல்லை, வேண்டுமானால் மாதிரிக்குப் பத்து இருபது கொடுங்கள் என்றார்கள். இடப் பிரச்சினை எனக்குப் புரிகிறது. குளிரூட்டி, ஈரப்பதத்தைக் குறைத்து ஒரு அறையை வருஷம் முழுக்க வைத்திருப்பது லேசான செலவில்லை, அதுவும் பினாங்கு மாதிரி 80 சதவீத ஈரக் காற்றில். ஆனால் எதை எடுப்பது, எதை விடுவது என்பதில் எனக்கு அவர்களோடு உடன்பாடு இல்லை. மந்திரிக்குப் போன கடிதத்தின் இன்னொரு நகல் அந்த மந்திரியின் ஃபைலில் இருக்கும். நோட்டுப் புத்தகத் தாளில் பென்சிலால் எழுதியதற்கு நகல் கிடையாது.

ராமபாணம்

அடுத்த மாதம் அக்கா மறுபடி வந்தார், ஒரு பூதக்கண்ணாடியும் மெல்லிய வெள்ளைக் கையுறையும் கொண்டுவந்தார். கையுறையை எனக்குத் தராமல், "கையைக் கழுவித் துடைச்சிட்டு வாங்க, அதுவே போதும், இவ்வளவு மெல்லிய தாளுக்குக் கையுறை போட்டா கிழிஞ்சிரும்" என்றார். படங்களுக்கு மட்டும்தான் கையுறையாம். பிறகு எல்லா ஃபைலையும் கழற்றச் சொன்னார்.

முதலில் துரு. கிளிப் போட்டிருந்த தாளில் துரு படிந்தால் அதன் கீழ்த்தாளிலும் மேல்தாளிலும் அதே வடிவம் மங்கலாக விழும். இரண்டு தாளின் கறையும் ஒன்றோடு ஒன்று பொருந்தினால் அவை பக்கத்தில் இருந்தவை. அடுத்தது நூல். சிவப்பு நூலின் சாயம் ஈரத்தில் இளகி, கட்டின் மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் ஓரங்களிலும் மெல்லிய ரோஸ் நிறக் கோடாக இறங்கியிருந்தது. அன்று ஜன்னல் வெளிச்சத்தில் அவர் பிடித்துப் பார்த்தது அதைத்தான். கடைசியாகப் பூச்சித் துளை. ஏட்டையும் புத்தகத்தையும் துளைக்கிற பூச்சியை நம் ஆட்கள் ராமபாணம் என்பார்கள். ஏழு மராமரத்தை ஒரே அம்பில் துளைத்த கதை நமக்குத் தெரியும். அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஒரு புழு நுழைந்தால் பத்துப் பதினைந்து தாளை வரிசையாகத் துளைத்துக்கொண்டு போகிறது. தாளுக்குத் தாள் துளை கொஞ்சம் கொஞ்சமாக நகரும், பெரிதாகும், ஒரு இடத்தில் நின்றுவிடும். துளைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவி வரும். வந்தால் வரிசை சரி. வராவிட்டால் வேறு தாள்.

இப்படி ஒன்பது மாதம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரயில், பெர்ரி, அத்தை வீட்டு மேசை. கரையானையும் பூச்சியையும் மட்டுமே எதிரியாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பூச்சி போட்ட துளை வரிசையைக் காட்டிக்கொடுத்தது. நான் பஞ்ச் மெஷினில் போட்ட இரண்டு துளைகள் எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்கின்றன. அவற்றிலிருந்து எதுவும் தெரியாது. ஒரு கடிதத்தில் என் துளை எழுதியவரின் கையெழுத்தின் மேலேயே விழுந்திருக்கிறது.

சிவப்பு நூலில் நாலு கட்டுகள் இருந்தன என்று அத்தைக்கு நினைவு. இரண்டு கட்டை ஓரளவு திரும்பக் கட்ட முடிந்தது. 118 கடிதங்கள். மூன்றாவதில் ஒரு பகுதி. மற்றவை வெள்ளையா நீலமா சிவப்பா என்று தெரியாமல் வருஷ வாரியாகவே இருக்கின்றன.

யாருடைய கடிதம்

திரும்பக் கட்டிய கட்டுகளைப் படித்த பிறகு அடுத்த சண்டை வந்தது, அது மாமாவின் மகனோடு. அவர் எனக்கு அத்தான், நல்ல மனிதர். படங்களை எல்லாம் சட்டம் போட்டு மாட்டியவர். கடிதங்களை எரித்துவிட வேண்டும் என்றார். "அப்பாகிட்ட நம்பி எழுதுனாங்க. ஊர் படிக்கறதுக்கா எழுதுனாங்க?" என்றார். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை, ஏனென்றால் அதில் நியாயம் இருந்தது. சிவப்புக் கட்டில் ஒரு பெண் எழுதிய மூன்று கடிதங்கள் இருக்கின்றன. என்ன விஷயம் என்று எழுத மாட்டேன். அவருடைய பிள்ளைகள் இன்னும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள், கோயில் திருவிழாவில் பார்த்தால் சிரித்துப் பேசுவார்கள். மாமாவின் தொகுதியை நான் சொல்லாததற்கு இதுதான் காரணம். உறுப்பினரின் தாள்கள் என்று பெயர் வைத்தாலும் பெட்டிக்குள் இருப்பது அவருடைய வாழ்க்கை மட்டும் இல்லை, அவரை நம்பி வந்த சில நூறு பேருடையது. அவர்களில் ஒருவரிடம்கூட நாம் அனுமதி கேட்கவில்லை.

ஆனால் எரிப்பதற்கும் திறந்து போடுவதற்கும் நடுவில் வழி இருக்கிறது. மூடி வைப்பது. அமெரிக்கக் கீழவை தன் ஆவணங்களைப் பொதுவாக 30 வருஷம், தனிமனித விவரங்கள் உள்ளவற்றை 50 வருஷம் மூடி வைத்த பிறகே திறக்கிறது. கொடுக்கிற குடும்பம் காப்பகத்தோடு எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்திலும் இப்படி நிபந்தனை போடலாம். அத்தானிடம் இதைச் சொன்னபோது, "அம்பது வருஷம் கழிச்சு யாருக்கும்மா வேணும்?" என்றார். நோட்டுப் புத்தகத் தாளில் எழுதிய அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டும் என்றேன். தாத்தா ஏன் நீல ஐ.சி. இல்லாமலே செத்தார் என்று அவர்கள் கேட்பார்கள். அவர் சும்மா இருந்துவிடவில்லை, ஆறு வருஷத்தில் ஏழு முறை மனு எழுதினார் என்று காட்ட இந்தக் கட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. அத்தான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தீப்பெட்டியை எடுக்கவில்லை, அது வரைக்கும் நல்லது. அவருடைய கேள்வி மட்டும் இன்னும் என்னோடு இருக்கிறது. ஊர் படிக்கறதுக்கா எழுதுனாங்க. 

ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்டவர்களை நாம் இன்றும் குறை சொல்கிறோம். அவர்கள் பக்தியோடுதான் விட்டார்கள். நானும் பாசத்தோடுதான் துளை போட்டேன். உங்கள் வீட்டில் ஒரு முன்னாள் உறுப்பினர், ஒரு தொழிற்சங்கச் செயலாளர், கோயில் கமிட்டித் தலைவர் இருந்திருந்தால், அவருடைய அலமாரியை அடுக்காதீர்கள். கட்டு கட்டாகப் படம் எடுங்கள், எண் போடுங்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். நூலை எறியாதீர்கள்.

வீடு போன வருஷம் விற்றுப் போனது. தாள்கள் இப்போது அமிலம் இல்லாத அட்டைப் பெட்டிகளில், மொத்தம் 14 பெட்டி, என்னுடைய கோலாலம்பூர் வீட்டில் குளிரூட்டிய ஒரு சின்ன அறையில் இருக்கின்றன. ஒரு பல்கலைக்கழகத்தோடு பேச்சு நடக்கிறது. பெட்டியில் வைப்பதற்கு முன் கட்டுகளைக் கட்டும் நாளில் அத்தையும் வந்திருந்தார், கையில் புதிதாக வாங்கிய ஒரு சிவப்பு நூல்கண்டு. அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சாயம் இறங்கும், இதைக் கட்டக்கூடாதம்மா, சாயம் போடாத வெள்ளைப் பருத்தி நாடாதான் கட்டணும் என்றார். அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வெள்ளையில கட்டினா முடிஞ்ச காரியம்னு ஆயிடுமே" என்றார். அக்கா ஒரு அட்டைத் துண்டை எடுத்து, பென்சிலைத் தீட்டி அத்தை கையில் கொடுத்தார். அத்தை அதில் 'சிவப்பு' என்று எழுதி, நாடாவின் முடிச்சுக்குக் கீழே செருகி வைத்தார்.